கொரியப் பழமொழிக்கு எந்த அகராதி? கொரிய அரசின் மூன்று இலவசத் தளங்கள்: ஒரு மதிப்பீடு

கொரிய டிராமாவில் தொடங்கி மொழி கற்க வருகிறவர்கள் பெரும்பாலும் திணறுவது பழமொழியில்தான். வரியில் உள்ள சொல் எல்லாம் தெரிந்திருக்கும், வரி மட்டும் பிடிபடாது. ‘மாட்டைத் தொலைத்துவிட்டுத் தொழுவத்தைச் சரிசெய்கிறான்’ என்று ஒருவர் பேசுவார். கீழே சப்டைட்டிலில் ஓர் ஆங்கிலப் பழமொழி ஓடும், அதில் மாடு குதிரையாகவும் தொழுவம் லாயமாகவும் மாறியிருக்கும். கருத்து ஏறத்தாழ வந்துவிடும். கொரியர் எதைப் பார்த்து அப்படிச் சொன்னார் என்பது வராது.

இந்தக் குறையைத் தீர்க்கப் பழமொழி அட்டைகள், கட்டணச் செயலிகள், யூடியூப் பாடங்கள் என்று நிறையக் கிடைக்கின்றன. அவற்றுக்குப் பணம் தருமுன், கொரிய தேசிய மொழி நிறுவனம் நடத்தும் மூன்று இணைய அகராதிகளைப் பயன்படுத்திப் பாருங்கள். மூன்றும் இலவசம். தேடுவதற்குக் கணக்குத் தொடங்க வேண்டியதில்லை. பொருள் சொல்வதில் இவற்றை மிஞ்ச எதுவும் இல்லை. ஆனால் எப்போது, யாரிடம் சொல்லலாம் என்பதில் இவை கைவிட்டுவிடுகின்றன. அந்த எல்லை தெரிந்து கையாண்டால்தான் முழுப் பயன் கிடைக்கும்.

மூன்றில் முதலாவது, வெளிநாட்டுக் கற்போருக்கான அடிப்படை அகராதி. கொரியப் பெயர் ‘ஹங்குகொ கிச்சோ சாஜொன்’. ஏறத்தாழ 50,000 தலைச்சொற்கள். இரண்டாவது ‘ப்யோஜுன் குகொ தேசாஜொன்’ என்ற பேரகராதி. 1999-இல் மூன்று தொகுதிகளாக, சுமார் 5 லட்சம் சொற்களோடு அச்சில் வந்து, பிறகு இணையத்துக்கு மாறியது. கொரியாவில் எழுத்துக்கூட்டல் குறித்து வாக்குவாதம் வந்தால் கடைசியில் போய் நிற்கும் இடம் இதுதான். மூன்றாவது, 2016-இல் தொடங்கிய ‘உரிமால்ஸெம்’. பொதுமக்களும் பதிவுகளைச் சேர்க்கும் திறந்த அகராதி, பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பதிவுகள் கொண்டது. பழமொழிக்கு இந்த மூன்றாவதை நாட வேண்டிய அவசியம் குறைவு. வட்டார வழக்கோ புதுச் சொல்லோ இடையில் வந்தால் மட்டும் பாருங்கள்.

கற்போர் தொடங்க வேண்டியது அடிப்படை அகராதியில். பழமொழிகள் தனிப் பட்டியலாக இல்லை. தலைச்சொல்லின் கீழே, அதன் எல்லாப் பொருள்களும் முடிந்த பிறகு, ‘சோக்தாம்’ என்ற குறியோடு வரும். ‘சோக்தாம்’ என்றால் பழமொழி. அதனருகே மரபுத்தொடர்களும் இருக்கும், இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. ஒவ்வொரு பழமொழிக்கும் எளிய கொரியனில் பொருள் விளக்கம் இருக்கும். எடுத்துக்காட்டு வாக்கியமோ, இருவர் பேசும் சிறு உரையாடலோ பெரும்பாலும் இருக்கும். ஆங்கிலம், ஜப்பானியம், பிரெஞ்சு, ஸ்பானியம், அரபு, மங்கோலியம், வியட்நாமியம், தாய், இந்தோனேசியம், ரஷ்யன், சீனம் ஆகிய பதினொரு மொழிகளில் பொருள் பெயர்த்துத் தரப்பட்டிருக்கிறது. தமிழ் இல்லை, எந்த இந்திய மொழியும் இல்லை. தமிழ் வாசகருக்கு ஆங்கிலப் பக்கம்தான் வழி.

இங்கே ஒரு பெரிய குறை. பெயர்க்கப்பட்டிருப்பது பொருள் மட்டுமே. எடுத்துக்காட்டுகள் கொரியனிலேயே நிற்கின்றன. பழமொழியின் உயிர் எடுத்துக்காட்டில்தான் இருக்கிறது என்பதால், தொடக்கநிலைக் கற்போருக்கு இந்தத் தளம் பாதிதான் பயன்படும். எழுத்தும் அடிப்படை வினைமுடிவுகளும் தெரிந்து, சிறிய உரையாடலைத் தட்டுத்தடுமாறியாவது படிக்க முடிகிற நிலைக்கு வந்த பிறகு நுழைவது நல்லது.

தேடும் முறையில்தான் பலர் தோற்றுப்போகிறார்கள். காதில் விழுந்த முழு வரியையும் தேடல் பெட்டியில் இட்டால் பெரும்பாலும் ஒன்றும் கிடைக்காது. காரணம், அகராதியில் பழமொழி அடிப்படை வடிவத்தில் இருக்கிறது. பேச்சில் அதன் வால் மாறிவிடுகிறது. ‘ஸோ இல்கோ வெயாங்க்கான் கொச்சின்தா’ என்பது அகராதி வடிவம். வாயில் அது ‘கொச்சிகி’ என்று பெயர்ச்சொல்லாகும், ‘கொச்சின் கியொக்’ என்று ‘சரிசெய்த கதை’யாகும். ஆகவே வாலை வெட்டிவிட்டு, வரியில் இருப்பதிலேயே அரிதான பெயர்ச்சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். இந்த வரியில் ‘ஸோ’ என்ற மாட்டை இட்டால் பதிவுகள் குவியும். ‘வெயாங்க்கான்’ என்ற தொழுவத்தை இட்டால் நேராகப் பழமொழிக்கே போய்விடலாம். எண்ணெய் விளக்கு, தலைப்பிரட்டை, தூசி, புகைபோக்கி போன்ற சொற்களும் இப்படித்தான். ஒரே தேடலில் கதவு திறக்கும். தேடல் முடிவுப் பக்கத்தில் சொற்கள், மரபுத்தொடரும் பழமொழியும், பொருள் விளக்கம், எடுத்துக்காட்டு என்று தனித்தனியாகப் பிரித்திருப்பார்கள். இரண்டாவது பகுதிக்குப் போனால் அந்தச் சொல் வரும் பழமொழிகள் மொத்தமாகக் கிடைக்கும்.

அடுத்த தடை ஒலி. கொரியனில் எழுதுவது ஒன்று, கேட்பது ஒன்று. ‘விளக்கின் அடி இருட்டு’ என்ற பழமொழியில் ‘அடி’ என்ற சொல்லின் இறுதி மெய் ‘த’ வரிசை எழுத்து. எழுவாய் உருபு சேர்ந்ததும் காதில் ‘மிச்சி’ என்றுதான் விழும். ‘பகல் பேச்சைப் பறவை கேட்கும், இரவுப் பேச்சை எலி கேட்கும்’ என்பதில் பகல் பேச்சு ‘நன்மால்’ என்று கேட்கும். எழுத்தில் முதல் அசையின் கடைசியில் இருப்பது ‘ஜ’ வரிசை எழுத்து. கேட்டபடி எழுதித் தேடினால் வெறுங்கைதான். அகராதி தலைச்சொல்லுக்கு உச்சரிப்பும் ஒலிப்பதிவும் தருகிறது, முழுப் பழமொழிக்குத் தருவதில்லை. மெய் மூக்கொலியாவது, ‘த’ ‘ச’வாவது, ‘ஹ’ அடுத்த மெய்யோடு கலப்பது என்ற மூன்று மாற்றங்களைப் பழகிக்கொண்டால் பாதிச் சிக்கல் தீரும்.

மூன்றாவது தடை ஒரே ஒலிச் சொற்கள். ‘மால்’ என்றால் பேச்சு, குதிரை, தானியம் அளக்கும் படி என எல்லாம். ‘காலில்லாத மால் ஆயிரம் லீ போகும்’ என்பதில் அது பேச்சு. குதிரை என்ற நினைப்பும் கூடவே ஓடுவதால்தான் ‘காலில்லாத’ என்பதற்குச் சுவை. ‘மணிகள் மூன்று மால் இருந்தாலும் கோத்தால்தான் ஆபரணம்’ என்பதில் அது அளவு. ஒரு மால் சுமார் 18 லிட்டர், ஆக 54 லிட்டர் மணி. பத்து லீ சுமார் 4 கிலோமீட்டர், ஆயிரம் லீ ஏறத்தாழ 400. இந்த அளவுகள் தெரிந்தால் பழமொழியின் மிகை எவ்வளவு என்று பிடிபடும். தலைச்சொல்லின் அருகே இருக்கும் சிறு எண்ணைப் பார்த்து எந்த ‘மால்’ என்று உறுதி செய்துகொண்டு படியுங்கள்.

எழுத்து வேறுபாடும் ஏமாற்றும். மாட்டின் காதில் சூத்திரம் ஓதுவது பற்றிய பழமொழி பேரகராதியில் ‘ஸ்வேக்வி’ என்று தொடங்கும், மக்கள் ‘ஸோக்வி’ என்றும் சொல்வார்கள். ‘கல்பாலத்தையும் தட்டிப் பார்த்துக் கட’ என்பதில் ‘தட்டி’க்கு இரண்டு வினைகள் புழங்குகின்றன. ஒன்றில் கிடைக்கவில்லை என்றால் வரியின் வேறொரு சொல்லை மாற்றிப் போடுங்கள்.

பொருள் கிடைத்ததும் பேரகராதியையும் திறந்து பார்ப்பது நல்லது. இரண்டின் விளக்க முறையும் வேறு. அடிப்படை அகராதி நேராகக் கருத்துக்குப் போய்விடும்: காரியம் கெட்ட பிறகு என்ன செய்தும் பயனில்லை, அவ்வளவுதான். பேரகராதி முதலில் சொற்பொருளை விரித்து, ‘என்ற பொருளில்’ என்று நிறுத்தி, பிறகு ‘உவமையாகச் சொல்வது’ என்று கருத்தைத் தரும். இந்த ஈரடுக்கு விளக்கம்தான் பேரகராதியின் பெரும் பலம். கூடவே ஒத்த பழமொழிகளையும் காட்டும்; மாட்டைத் தொலைத்த பழமொழிக்குக் குதிரையைத் தொலைத்த வடிவமும் உண்டு என்பது அங்கே தெரியவரும். குறை, பழமொழிகளுக்கு எடுத்துக்காட்டு அங்கே அரிது.

ஈரடுக்கு விளக்கம் ஏன் முக்கியம் என்பதற்கு ‘கானுன் நாரி ஜாங்னால்’ நல்ல சான்று. ‘போகும் நாள் சந்தை நாள்’. கற்போர் பலரும் இதை அதிர்ஷ்டம் என்று எடுத்துக்கொள்கிறார்கள்: போனோம், சந்தையும் இருந்தது, நல்லதுதானே. கொரியர் சொல்வது பெரும்பாலும் எதிர்த்திசையில். வேறு வேலையாகப் போனால் அன்றைக்குப் பார்த்துச் சந்தை கூடியிருக்கிறது. எதிர்பாராத ஒன்று குறுக்கே வந்துவிட்டது. அருங்காட்சியகத்துக்குப் போனால் அன்று விடுமுறை, சுற்றுலா போன அன்று மழை, இங்கெல்லாம் அது வரும். கொரியக் கிராமச் சந்தை ஐந்து நாளுக்கு ஒருமுறை கூடுவது என்ற செய்தியையும் சேர்த்துக்கொண்டால் ‘அன்றைக்குப் பார்த்து’ என்ற தொனி வந்துவிடும். அதேபோல் ‘படகோட்டிகள் அதிகமானால் படகு மலைக்குப் போகும்’ என்பதைக் கூட்டு முயற்சியின் வலிமை என்று படிப்பவர்கள் உண்டு. ஆளாளுக்குத் துடுப்பைத் திருப்பினால் போகக் கூடாத இடத்துக்குப் படகு போய்விடும் என்பதே பொருள். சொல்லுக்குச் சொல் மொழிபெயர்த்து நிறுத்திக்கொண்டால் இங்கே தலைகீழாகிவிடும்.

இத்தளங்களின் மிகச் சிறந்த பயன் ஒரு பொருளைப் பிடித்து அதைச் சுற்றியுள்ள பழமொழிகளை எல்லாம் வரிசையாகப் படிப்பது. ‘த்தொக்’ என்று தேடுங்கள். அரிசி மாவில் செய்யும் கொரியப் பலகாரம். ‘படுத்துக்கொண்டு த்தொக் தின்பது’, மிக எளிய வேலைக்கு. ‘படத்தில் உள்ள த்தொக்’, கண்ணுக்குத் தெரிந்தும் கைக்கு எட்டாததற்கு. ‘அடுத்தவன் த்தொக் பெரிதாகத் தெரியும்’, நம் இக்கரைக்கு அக்கரை பச்சை. ‘வெறுக்கும் பிள்ளைக்கு இன்னொரு த்தொக் கொடு’, பிடிக்காதவரிடம் பகை வளர்க்காமல் இன்னும் கொஞ்சம் அன்பாக நடந்துகொள் என்பது. ‘த்தொக்கைப் பார்த்த கையோடு முன்னோர் சடங்கையும் முடி’, வாய்ப்பு வந்தபோதே நினைத்ததைச் செய்துவிடுவது. ‘பூசாரிச் சடங்கைப் பார், த்தொக்கைத் தின்’, சம்பந்தமில்லாத காரியத்தில் தலையிடாமல் கிடைப்பதோடு ஒதுங்கியிருப்பது. இவற்றோடு ‘த்தொக் தரப்போகிறவன் கனவிலும் நினைக்கவில்லை, இவன் கிம்ச்சிச் சாற்றைக் குடிக்கத் தொடங்கிவிட்டான்’ என்பதையும் படியுங்கள். கிம்ச்சி என்பது புளிக்கவைத்த காய்கறி. த்தொக் தொண்டையில் அடைக்காமல் இறங்கக் கிம்ச்சிச் சாறு குடிப்பது வழக்கம். அதனால்தான் சாறு முன்னால் வந்தது. கிடைக்குமுன்பே கிடைத்துவிட்டதாக நினைத்துக்கொள்வதற்குச் சொல்வது. இப்படி ஒன்றாகப் படிக்கும்போது, சடங்கிலும் விருந்திலும் பங்கிட்ட ஒரு பலகாரத்தைச் சுற்றி ஆசை, பொறாமை, பொறுமை, சமயோசிதம் என்று வாழ்க்கையையே அடுக்கி வைத்திருப்பது தெரிகிறது. எந்தப் பழமொழி அட்டைக் கட்டும் இதைக் காட்டுவதில்லை, ஏனென்றால் அவை ஒவ்வொன்றையும் தனித்தனியாக வைக்கின்றன.

ஒரு எச்சரிக்கை: ‘படுத்துக்கொண்டு’ என்று தொடங்குவது இன்னொன்றும் இருக்கிறது, ‘படுத்துக்கொண்டு எச்சில் துப்புவது’. தன் வீட்டாரைத் தானே இழிவாகப் பேசுவதற்குச் சொல்வது. மல்லாந்து படுத்துத் துப்பினால் யார் மேல் விழும் என்று நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. முதல் சொல்லை மட்டும் நினைவில் வைத்து இரண்டையும் மாற்றிச் சொல்வது வகுப்புகளில் அடிக்கடி நடக்கும் பிழை.

பேச்சைப் பற்றிய பழமொழிகளையும் இதே முறையில் படிக்கலாம். ‘போகும் சொல் இனிதாக இருந்தால்தான் வரும் சொல் இனிதாக இருக்கும்’, ‘ஒரு சொல்லால் ஆயிரம் நியாங் கடனும் அடையும்’, ‘சொல் விதையாகும்’. நியாங் என்பது பழைய நாணய அளவு. கொரிய வேலையிடத்தில் பேச்சின் தொனிக்குத் தரப்படும் எடையை இந்த மூன்றும் நன்றாக விளக்கும்.

தமிழ் இணை தேடுவது இயல்பு. பல இடங்களில் அச்சாகப் பொருந்தும். கிணற்றுத் தவளை அப்படியே இருக்கிறது. ‘மூன்று வயதுப் பழக்கம் எண்பது வரை’ நம் தொட்டில் பழக்கம். ‘நாய்க்குட்டிக்குப் புலியைக் கண்டு பயப்படத் தெரியாது’ இளங்கன்று. ‘நோயைக் கொடுத்து மருந்தும் கொடுப்பது’ பிள்ளையைக் கிள்ளிவிட்டுத் தொட்டிலை ஆட்டுவது. ‘சின்ன மிளகாய்தான் காரம்’ என்பதற்குக் கடுகு. ஆனால் ‘பயறு விதைத்த இடத்தில் பயறு முளைக்கும்’ என்ற வகைப் பழமொழிக்கு வினை விதைத்தவனை இணை வைத்தால் சற்று விலகும். நம்முடையது செய்த வினையைச் சுட்டுகிறது. கொரியருடையது மூலம் எதுவோ விளைவும் அதுவே என்ற அகன்ற பொருளில், குணத்துக்கும் வளர்ப்புக்கும்கூட வரும். அடிப்படை அகராதியின் ஆங்கிலப் பக்கத்திலும் இதே விலகல் உண்டு: பல இடங்களில் நேர் மொழிபெயர்ப்புக்குப் பக்கத்தில் ஓர் ஆங்கிலப் பழமொழியையும் வைத்திருப்பார்கள். குறிப்பேட்டில் முந்தியதை எழுதுங்கள், பிந்தியதை விடுங்கள்.

இனி, இந்தத் தளங்கள் சொல்லாத விஷயங்கள். எந்தப் பழமொழி இன்றும் வாயில் புழங்குகிறது, எது ஏட்டில் மட்டும் கிடக்கிறது என்ற குறிப்பு எங்கும் இல்லை. அடிப்படை அகராதி சொற்களுக்குத் தொடக்கநிலை, இடைநிலை, உயர்நிலை என்று நட்சத்திரம் போடுகிறது. பழமொழிகளுக்கு அந்தத் தரவரிசை கிடையாது. நடைமுறையில் ஒரு சல்லடை உண்டு: அடிப்படை அகராதியில் இடம்பெற்றிருந்தால் கற்கத் தகுந்தது, பேரகராதியில் மட்டும் இருந்தால் புரிந்துகொண்டு கடந்துவிடலாம். டோபிக் என்ற கொரிய மொழித் திறன் தேர்வின் இரண்டாம் நிலைக்குப் படிப்பவர்களுக்கும் இந்தச் சல்லடை போதும். அதன் வாசிப்புத் தாளில் 50 கேள்விகள், 70 நிமிடம். 21-ஆம் கேள்வியில் பெரும்பாலும் மரபுத்தொடரையோ பழமொழியையோ கோடிட்ட இடத்தில் நிரப்பச் சொல்வார்கள், பழமொழியைவிட மரபுத்தொடரே அடிக்கடி வரும்.

யாரிடம் சொல்லக் கூடாது என்பதும் இல்லை. இதுதான் பெரிய ஆபத்து. ‘தவளை தான் தலைப்பிரட்டையாக இருந்ததை நினைப்பதில்லை’ என்பதை மேலதிகாரியின் முகத்துக்கு நேரே சொன்னால் அது அவமதிப்பு. ‘பள்ளி நாய் மூன்று வருடத்தில் கவிதை பாடும்’ என்பதைத் தன்னைப் பற்றிச் சொன்னால் பணிவு, பெரியவரைப் பற்றிச் சொன்னால் அவரை நாயாக்கியதாகிவிடும். ‘பெட்டைக் கோழி கூவினால் குடும்பம் அழியும்’ போன்ற, பெண்களைத் தாழ்த்தும் பழமொழிகளுக்கும் பேரகராதி நடுநிலையாகப் பொருள் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறது. இன்றைய கொரியாவில் அதை மேற்கோள் காட்டினால் கேட்பவர் முகம் சுளிப்பார். பேச முடியாதவர், பார்வையற்றவர் என்று உடற்குறையைச் சுட்டும் பழமொழிகளிலும் இதே கவனம் வேண்டும். அந்தத் தலைச்சொல்லைத் தனியாகத் தேடிப் பாருங்கள். இழிவாகச் சொல்லும் சொல் என்ற குறிப்பு அங்கே இருந்தால் பழமொழியையும் வாயில் எடுக்க வேண்டாம்.

பேச்சில் பயன்படுத்த, அகராதி வடிவத்தை அப்படியே ஒப்பிப்பது கொரியனில் செயற்கையாக ஒலிக்கும். ‘என்பார்களே, அதுபோலவே’ என்ற தொனி தரும் ‘தாதொனி’ முடிவைச் சேர்த்தால் இயல்பாகும்: ‘துங்ஜான் மிச்சி ஒதுப்தாதொனி’ என்று தொடங்கி, தேடிய பொருள் பக்கத்திலேயே இருந்ததைச் சொல்லி முடிப்பது. பெயர்ச்சொல்லில் முடியும் பழமொழிக்கு அது ‘இராதொனி’ ஆகும்: ‘ஜாங்னாரிராதொனி’. இந்த முடிவுகளும் அடிப்படை அகராதியில் தனிப் பதிவுகளாக, எடுத்துக்காட்டோடு இருக்கின்றன. பாதி சொல்லி நிறுத்துவதும் வழக்கம். நெருங்கியவரிடம் ‘கிம்ச்சிச் சாறு குடிக்காதே’ என்றாலே போதும்.

பழமொழியில் வரும் பண்டமோ இடமோ என்னவென்றே தெரியாதபோது அகராதி போதாது. பழைய விளக்கு, தரைக்கடியில் சூடேற்றும் அடுப்பின் புகைபோக்கி, கிராமப் பள்ளி எல்லாவற்றுக்கும் கொரிய தேசிய நாட்டுப்புற அருங்காட்சியகத்தின் இணையக் கலைக்களஞ்சியம் துணை நிற்கும். சில பதிவுகளுக்கு ஆங்கில வடிவமும் உண்டு. சென்னையில் இந்திய-கொரியப் பண்பாட்டு அமைப்பான இன்கோ மையம் போன்ற இடங்களில் கொரியன் படிப்பவர்களுக்கு, யாரிடம் சொல்லலாம் என்ற கேள்வியை ஆசிரியரிடம் கேட்கும் வசதி இருக்கிறது. அகராதி விட்ட இடத்தை நிரப்ப அதைவிடச் சுருக்கமான வழி இல்லை.

கடைசியாக உரிமம். அடிப்படை அகராதியின் எழுத்துப் பகுதி கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் கிடைக்கிறது: மூலத்தைக் குறிப்பிட வேண்டும், அதிலிருந்து உருவாக்கியதை அதே உரிமத்தில் தர வேண்டும். கணக்குத் தொடங்கினால் மொத்தத் தரவையும் இறக்கிக்கொள்ளலாம். நிரல் எழுதுவோர் தளத்தின் தரவை நிரல்வழி எடுப்பதற்கான சாவி (API key) பெற்று மரபுத்தொடர், பழமொழிகளை மட்டும் பிரித்து எடுக்கலாம். அங்கி (Anki) என்ற மனப்பாடச் செயலிக்கு அட்டைகள் செய்யவும், பழமொழிப் பதிவுகளுக்குத் தமிழ்ப் பொருளும் எடுத்துக்காட்டுகளின் தமிழாக்கமும் சேர்த்து வெளியிடவும் இது போதும். பதினொரு மொழிகளில் இல்லாத தமிழை யாரும் இன்றே தொடங்கலாம். படம், ஒலிப்பதிவு ஆகியவற்றை எடுக்குமுன் மட்டும் தளத்தின் பதிப்புரிமைப் பக்கத்தைப் படித்துக்கொள்ளுங்கள்.